தம்பிஐயாவின் ஈரல்

சுபாஸ்கரனுக்கு வலது கட்டைவிரலின் அடிமூட்டு விடிந்ததிலிருந்தே உளைந்துகொண்டிருந்தது. போத்தல் மூடியைத் திருகினால் மணிக்கட்டு வரைக்கும் இழுத்தது. பேனையைவிடக் கொஞ்சம் தடித்த, பிப்பெற் என்கிற கருவியின் குமிழை நாளொன்றுக்கு ஆயிரம் தரம் அமத்தியதால் வந்த நோ அது. வீட்டில் அவன் இதைச் சொல்லவில்லை. அரியாலையில் அவன் தகப்பன் இருபத்தாறு வருடம் அச்சில் சீமெந்துக் கல் அரிந்தவர். தாய் பிறத்தியார் தோட்டத்தில் வெங்காயம் நட்டு முதுகு வளைந்தவள். நூறு கிராம்கூட இல்லாத சாமானைத் தூக்கி விரல் நோகிறது என்று அந்த வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காமல் இரக்கப்பட்டால் அது இன்னும் வெட்கக்கேடு.

அவன் வேலை செய்த ஆய்வுகூடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில், முன்பு மாணவர்கள் அறை எடுத்துத் தங்கிய மாடிவீட்டில் இருந்தது. ஈரல் புற்றுநோய்தான் அங்கே வேலை. ஆசுப்பத்திரியில் வெட்டி எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை வாங்கிவந்து, செல் எனப்படும் கலங்களைப் பிரித்து, ஊட்டநீர் விட்டு வளர்ப்பார்கள். கூலிக்காரன் பிள்ளைக்கு இது நல்ல உத்தியோகம். நிழல், மின்விசிறி, சம்பளம் மாதம் தவறாமல் வரும்.

திங்கட்கிழமை பதினொரு மணிபோல் படலையடியில் ஒரு பெண் நிற்பதாகக் காவலாளி வந்து சொன்னான். சுபாஸ்கரன் இறங்கிப் போனான். ஈரல் துண்டு தந்த தம்பிஐயாவின் மனைவி பராசக்தி. புருசன் செத்து அன்றைக்கு ஐந்தாம் நாள். மானிப்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"உள்ளுக்கு வாங்கோ அம்மா. வெயில்."

"வரேல்லைத் தம்பி. செத்தவீட்டுத் துடக்கு."

"இஞ்சை ஆரும் துடக்குப் பாக்கிறேல்லை."

"நான் பாக்கிறன்," என்றாள்.

படலைக்கு வெளியே நின்றபடியே கதைத்தாள்.

"அவருக்கு நீங்கள் ஒரு கடிதம் தாறன் எண்டு சொன்னனீங்களாம். கடைசி மட்டும் அதையே சொல்லிக்கொண்டு கிடந்தவர். ‘சுபாஸ் தம்பி தருவார், எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டு’ எண்டு. வியாழக்கிழமை எட்டாம் நாள் படையல். அதுக்கு முந்தித் தந்தியள் எண்டால் காணும்."

சுபாஸ்கரன் கட்டைவிரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். "வேலை இன்னும் முடியேல்லை அம்மா."

"ஊருக்கு எண்டால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டன். ஊர் எண்டைக்கும் கதைக்கும். ஈரல் வருத்தம் எண்ட உடனை குடிகாரன் எண்டாச்சு. சாராயத் தவறணை வாசலிலை கண்டனாங்கள் எண்டும் ரெண்டு பேர் சொல்லிப்போட்டினம். சொல்லட்டும். கடிதம் எனக்குத்தான் வேணும்."

அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முப்பத்தொரு வருசம் தம்பி. அவர் வேலையாலை வரேக்கை சைக்கிளைப் பிடிக்கிற சாட்டிலை கிட்டப் போய் மணந்து பாப்பன். வேர்வையும் வெங்காயச் சருகும்தான் மணக்கும். ஆனா ஆசுப்பத்திரி வாட்டிலை அந்த டொக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, எத்தினை வருசமாக் குடி எண்டு கேட்டவர். குடிக்கிறேல்லை எண்டன். எழுதின பேனையை நிப்பாட்டிப்போட்டு என்னை ஒரு பார்வை பாத்தவர். அண்டையிலையிருந்து எனக்கே ஒரு மாதிரி. செத்த மனிசனிலை சந்தேகத்தை வைச்சுக்கொண்டு நான் எப்பிடி எட்டுக் கழிக்கிறது?"

"வியாழக்கிழமை வாறன்," என்றான் சுபாஸ்கரன்.

---

தம்பிஐயா திருநெல்வேலிச் சந்தையில் மூட்டை தூக்கியவர். விடியப்புறம் மூன்றரைக்கு மானிப்பாயிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, லொறியிலிருந்து இறங்கும் ஐம்பது கிலோ மூட்டைகளைப் பதினொரு மணி வரைக்கும் சுமப்பார். அந்த வேலை செய்கிறவன் உடம்பு உளைவுக்கு ஒரு போத்தல் கள்ளாவது குடிப்பான். குடிக்காதவனைச் சந்தை நம்பாது. தம்பிஐயா குடிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டார். பால் விடாத பிளேன்ரீ குடிப்பார், நாலு கரண்டி சீனி போட்டு, ஒரு நாளைக்கு எட்டோ ஒன்பதோ. நாற்பத்திரண்டு வயதில் சலரோகம் வந்தது. சீனியை இரண்டு கரண்டியாகக் குறைத்தார். சந்தையில் அவருக்குப் பட்டம் சாமியார்.

பதினொரு மாதத்துக்கு முன்னர், ஈரல் கட்டியை வெட்டுவதற்கு முதல்நாள், சுபாஸ்கரன் சம்மதப் படிவத்தோடு அவருடைய கட்டிலடிக்குப் போனான். படிவம் நாலு பக்கம். அதை வரி வரியாக வாசித்துச் சொன்னால் கையெழுத்து வராது என்று அவனுக்குத் தெரியும். அதற்கு முதல் இரண்டு பேர், ஈரலைத் தரமாட்டோம் என்று முகத்தைத் திருப்பிவிட்டார்கள்.

"தம்பி, இந்தத் துண்டிலை என்னத்தைப் பாக்கப்போறியள்?" என்று தம்பிஐயா கேட்டார்.

சுபாஸ்கரன் சந்தைப் பாசையில் சொன்னான். "ஐயா, ஒரே வெங்காயம்தானே எல்லா மூட்டையிலும். எந்த மூட்டை எந்தக் கடைக்குப் போறதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"குறி போட்டிருக்கும். முதலாளிமார் மையாலை போடுவினம்."

"உங்கடை உடம்பிலை எல்லாக் கலத்துக்குள்ளையும் சாமான் ஒண்டுதான். நீ ஈரல், நீ தோல் எண்டு பிரிக்கிறது மேலை போட்ட குறிதான். கட்டிக்குள்ளை கொஞ்சக் கலங்களிலை அந்தக் குறி பிழைச்சுப் போச்சு. ஈரலாய் இரு எண்ட குறியை மூடிப்போட்டு, வயித்துப் பிள்ளை மாதிரி வளர் எண்ட குறியைத் திறந்துவிட்டிருக்கு. அந்தக் கொஞ்சம்தான் மூலம். கட்டியை வெட்டினாலும் அதுகள் ரெண்டு தப்பினால் திருப்பியும் வரும்."

தம்பிஐயா நல்லாக் கேட்டுக்கொண்டிருந்தார். மூட்டை சுமந்த மனிதர். குறி பிழைத்தால் என்ன நடக்கும் என்பது அவருக்கு விளங்கும். பிழையான கடையில் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பவும் சுமந்த நாட்கள் இருந்திருக்கும்.

"அந்தப் பிழைக் குறியை ஆர் போட்டது?"

"அதைத்தான் பாக்கிறம் ஐயா."

"சாராயமும் போடுமோ?"

"போடும். சீனி வருத்தமும் போடும். மஞ்சள் காமாலைக் கிருமியும் போடும்."

"அப்ப என்ரை ஈரலிலை போட்டது சாராயமில்லை எண்டு பாத்து எழுதித் தரலாமோ? ஒப்பம் வைச்சு?"

அந்த இடத்தில் சுபாஸ்கரன் ‘ஏலாது’ என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். படிவம் கையில் இருந்தது, பேனை திறந்திருந்தது, அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு வெட்டு.

"ஓம் ஐயா. எழுதித் தாறன்," என்றான்.

தம்பிஐயா தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி, மறுபக்கம் தெரிய எழுதினார்.

---

பராசக்தி போன பிறகு சுபாஸ்கரன் மேலே ஏறினான். ஆய்வுக்குப் பொறுப்பான கலாநிதி நிவேதனா நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்திருந்தாள். வயது நாற்பது. வெளிநாட்டில் படித்து அங்கேயே இருந்திருக்கக்கூடியவள் திரும்பி வந்திருக்கிறாள் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள்; அவளுக்கு அந்தப் பெருமை பிடிக்காது.

"மிஸ், தம்பிஐயாவின்ரை மனிசி வந்தவ."

நடந்ததை முழுக்கச் சொன்னான். கட்டிலடியில் தான் சொன்ன ‘ஓம்’ என்பதையும் சேர்த்து. அவள் கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"கையெழுத்து வேணும் எண்டு."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். கணினியைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பும் நீலமுமாய்க் கட்டம் கட்டமாக ஒரு படம். ஐந்து வரிசை, ஐந்து பேருடைய ஈரல்.

"மேலை ரெண்டும் நல்லாக் குடிச்சவை. கீழை ரெண்டும் குடிக்காதவை, அதிலை ஒருத்தர் ரியூசன் வாத்தியார். நடுவிலை தம்பிஐயா. குறியளைப் பாருங்கோ சுபாஸ். இந்தக் குடிகாரனும் இந்த ரியூசன் வாத்தியாரும் ஒரு வயித்துப் பிள்ளையள் மாதிரிக் கிடக்கினம். மற்றக் குடிகாரன் ஒருத்தரோடையும் சேரேல்லை. ஐஞ்சு பேரை வைச்சு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"ஐஞ்சு காணாட்டி, நுணுக்குக்காட்டியிலை தெரியாதோ? கொழுப்புப் படிஞ்ச விதம்..."

"சீனி கெடுத்த ஈரலும் சாராயம் கெடுத்த ஈரலும் பாக்கிறதுக்கு ஒண்டுதான். குறி இருக்கு. போட்ட கை ஆரின்ரை எண்டு தெரியாது."

"அப்ப, தெரியாது எண்டு எழுதித் தாங்கோவன் மிஸ்."

"தெரியாது எண்டு நான் ஒப்பம் வைச்சால் எட்டு வீட்டிலை அதை எப்பிடி வாசிப்பினம்?"

அவனுக்குத் தெரியும். குடி இல்லை என்று டொக்டராலேயே சொல்ல முடியவில்லை என்றுதான் வாசிப்பார்கள். தெரியாது என்ற சொல்லுக்கு ஊரில் அந்த அர்த்தம்தான் உண்டு.

பின்னேரம் எல்லாரும் போனபின் அவன் தம்பிஐயாவின் கலங்கள் வளரும் தட்டை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தான். அடியில் ஒட்டாமல், இளஞ்சிவப்பு ஊட்டநீரில் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதந்தன. ஸ்டெம் செல் என்று படித்தவர்கள் சொல்லும் குருத்துக்கலங்கள் இவைதான். மற்றக் கலங்கள் இந்த நீரில் இரண்டு கிழமையில் செத்துப்போகும். இவை சாகாது. மருந்து விட்டால் முடங்கிக் கிடக்கும், மருந்து போனதும் எழும்பும். ஒன்று இரண்டாகும்போது மேலே உள்ள குறியையும் படியெடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும். தம்பிஐயாவின் வயிற்றுக்குள் ஆறாம் மாதம் கட்டி திரும்பவும் கிளம்பியது இந்த வழியால்தான். பக்கத்துத் தட்டில் குறியைக் கழற்றும் மருந்து விட்டிருந்தார்கள். அங்கே பாதி உருண்டை அவிழ்ந்து, கலங்கள் அடியில் படுத்து, திரும்பவும் ஈரல் கலம் மாதிரி ஆகத் தொடங்கியிருந்தன. தட்டில் நடப்பது மனிதனில் நடக்க இன்னும் எத்தனை வருடமோ. நடக்காமலும் போகலாம்.

மனிதரைச் சுடலையில் எரித்தாகிவிட்டது. இது இங்கே இருக்கிறது. என்ன செய்யவேண்டும் என்பதை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருக்கிறது, தன்னை இப்படி ஆக்கியது எது என்பதை மட்டும் வைத்திருக்கவில்லை. சுபாஸ்கரனுக்கு அதன்மேல் கோபம் வந்தது. கலத்தோடு கோபிக்கிறவன் விசரன் என்று தன்னையே நினைத்துக்கொண்டான்.

மேசைக்குப் போய்க் கணினியைத் திறந்தான். ஆய்வுகூடத்தின் பெயர் அச்சடித்த தாள் மேசை லாச்சியில் இருந்தது. முத்திரையும் இருந்தது. இரண்டு வரி அடித்தான். ‘மேற்படி நோயாளியின் ஈரல் நோய்க்கு மதுபானம் காரணமல்ல என்பதை இத்தால் அறியத்தருகிறோம்.’ அடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் என்றும் சொல்லமுடியாது. அநேகமாக அது உண்மை. யாருக்கும் நட்டமில்லை. ஒரு பெண் நிம்மதியாக எட்டுக் கழிப்பாள். ஆனால் இந்த ஆறு வருடத்தில் அவன் அளக்காத ஓர் எண்ணை எழுதியதில்லை. அளவு தவறியதென்றால் தவறியது என்றே எழுதுவான். கல் அரிந்தவனுடைய மகனை அந்தக் கதிரையில் இருத்தி வைத்திருப்பது அது ஒன்றுதான்.

இரண்டு வரியையும் அழித்தான்.

---

வியாழக்கிழமை பின்னேரம் வெறுங்கையோடு மானிப்பாய்க்குப் போனான். முற்றத்தில் தகரப் பந்தல். ஐம்பது அறுபது பேர். உள்ளே ஆட்டிறைச்சிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. பராசக்தி அவனைக் கண்டாள். அவன் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழையிலைகளைத் துடைக்கப் போனாள்.

எட்டாம் நாள் செத்தவர் ஆசைப்பட்டுத் தின்றது குடித்தது எல்லாவற்றையும் படைக்கவேண்டும். படத்துக்கு முன்னால் நீளமாக இலை விரித்து ஒவ்வொருவராகக் கொண்டுவந்து வைத்தார்கள். சோறு, இறைச்சி, பொரித்த மீன், தோசை, வடை, பனங்காய்ப் பணியாரம், வெத்திலை. மகள் ஆரபி ஒரு பெரிய கோப்பையில் பிளேன்ரீ வைத்தாள். அப்போது பராசக்தியின் தமையன் பரமலிங்கம் மடியிலிருந்து ஒரு அரைப் போத்தல் சாராயத்தை எடுத்து, வேட்டித் தலைப்பால் துடைத்து, இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்தான். அவனும் சந்தையில் மூட்டை தூக்குகிறவன்தான். தம்பிஐயாவோடு இருபது வருடம் ஒன்றாகச் சுமந்தவன்.

யாரோ ஒரு கிழவர், "சரிதானே, ஆசைப்பட்டது வைக்கத்தானே வேணும்," என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பராசக்தி சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சுபாஸ்கரனைப் பார்த்தாள்.

சுபாஸ்கரன் எழும்பினான். "அண்ணை, அந்தப் போத்திலை எடுங்கோ."

பரமலிங்கம் திரும்பினான். கண் சிவந்திருந்தது, குடித்ததாலா அழுததாலா என்று சொல்ல முடியாது. "நீர் ஆர் தம்பி?"

"ஈரல் சோதிக்கிற இடத்திலை வேலை."

"ஓகோ, ஈரலை வாங்கிக்கொண்டு போன ஆள். என்ன, உங்கடை மிசின் குடிக்கேல்லை எண்டு சொன்னதோ?"

"மிசின் ஒண்டும் சொல்லேல்லை. அதாலை சொல்லேலாது. சீனியும் சாராயமும் ஈரலை ஒரே மாதிரித்தான் கெடுக்கும்."

"அப்ப நீர் எப்பிடிச் சொல்லுறீர்?"

"அவர் எனக்குச் சொன்னவர். குடிக்கிறேல்லை எண்டு."

பந்தலில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். குடிக்கிறவன் குடிக்கிறேன் என்றா சொல்வான். சுபாஸ்கரனுக்குக் காது சுட்டது. இதைச் சொல்லத்தானா வந்தோம் என்று இருந்தது. பரமலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

"உதென்ன சிரிப்பு?" என்றான் பந்தலைப் பார்த்து. "தம்பி சொல்லுறது சரி. அவன் குடிக்கேல்லை. அதுக்குத்தானே நான் இதை வைக்கிறன்."

பராசக்தி சுவரிலிருந்து கையை எடுத்தாள். "என்ன சொல்லுறாய் அண்ணை?"

"ஒரு துளி வாயிலை வைச்சவனில்லை. ஒவ்வொரு நாளும் தவறணை வாசலிலை சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிப்பான், நான் குடிச்சு முடிய ஏத்திக்கொண்டு வர. மழையெண்டாலும் நிப்பான். நீங்களெல்லாம் கண்டது அதைத்தான். ஒருநாள் கேட்டனான், மச்சான் உனக்கு ஆசையே இல்லையோ எண்டு. இருக்கு எண்டவன். பிறகென்ன, ஒரு கிளாஸ் எடன் எண்டன். ரெண்டு பேரும் குடிச்சால் சைக்கிளை ஆர் ஓடுறது எண்டு கேட்டவன்." பரமலிங்கம் வேட்டித் தலைப்பால் மூக்கைச் சீறினான். "இருபது வருசம் என்னைச் சுமந்தவன். இனி ஓடுறதுக்குச் சைக்கிள் இல்லைத்தானே. குடிக்கட்டும்."

"உதை நீ முதலே சொல்லியிருக்கலாமே. வாட்டிலை டொக்டர் கேக்கேக்கை வெளியிலை நிண்டனியெல்லோ."

"என்னட்டை ஆர் கேட்டது? நான் குடிகாரன். குடிகாரன் வந்து, உவன் குடிக்கிறேல்லை டொக்டர் எண்டு சொன்னால் அந்தாள் எழுதுமோ?"

சரிதானே என்ற கிழவர் வெத்திலைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். சந்தைக்காரர் இருவர் மட்டும், "ஓம், அது மெய்தான், நாங்கள் கண்டனாங்கள்," என்றார்கள், பிந்தி வந்த சாட்சிக்குள்ள வெட்கத்தோடு.

பரமலிங்கம் குனிந்து போத்தலின் மூடியைத் திருகப் போனான்.

"வைக்கிறதெண்டால் வை அண்ணை," என்றாள் பராசக்தி. "மூடியைத் திறவாதை."

அவன் கையை எடுத்தான். மூடி திறக்காத போத்தல், பிளேன்ரீக் கோப்பைக்குப் பக்கத்தில் நின்றது. கற்பூரம் கொளுத்தினார்கள். பராசக்தி அழுதாள். அந்த எட்டு நாளிலும் அவள் அழுத அழுகை வேறு, இது வேறு என்பது சுபாஸ்கரனுக்குக்கூடத் தெரிந்தது.

சாப்பிட்டுவிட்டுத்தான் விட்டார்கள். படலை வரைக்கும் அவள் கூட வந்தாள்.

"குறை நினைக்காதேங்கோ அம்மா. எழுதிக்கொண்டு வரேலாமல் போச்சு. டொக்டராலை தெரியாது எண்டுதான் எழுதலாம். அதைக் கொண்டுவந்தால் இன்னும் கூடாமப் போயிருக்கும்."

"எனக்கு இனிக் கடிதம் வேண்டாம் தம்பி. அண்ணை சொன்னது காணும்."

அவன் மூச்சு விட்டான். அவள் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு, கோபமில்லாமல், கணக்குப் பார்க்கிறவள் மாதிரியும் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"ஆனா தாறன் எண்டு நீங்கள் எனக்குச் சொல்லேல்லை. அவருக்கெல்லோ சொன்னனீங்கள். அதை நான் வேண்டாம் எண்டு சொல்லேலாது."

"ஓம் அம்மா," என்றான்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஐந்து பேரை ஐம்பது பேராக்க எத்தனை வருடம் செல்லும் என்று நினைத்தான். ஐம்பதிலும் தெரியாவிட்டால், தெரியாது என்பதையாவது ஊர் பிழையாக வாசிக்காத மாதிரி எப்படி எழுதுவது என்று நினைத்தான். ஒரு சொல்லும் வரவில்லை.

சுபாஸ்கரன் தம்பிஐயாவிடம் ஒரு கடிதம் தருவதாகச் சொல்லி ஈரலில் ஒரு துண்டு வாங்கினான். துண்டு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கடிதம் இன்னும் கொடுபடவில்லை.